இடது பக்கத்துக் குரல்

மார்ச் 4, 1985, திங்கள்

இன்று காலை பதினோரு மணிக்கு, நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில், திரைக்குப் பின்னாலிருந்து ரூபியின் குரல் கேட்டது.

முதலாளி லிம் உள்ளே ஒரு பெண்ணுக்குக் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். சுவரில் மாட்டியிருக்கும் அட்டையிலுள்ள எழுத்துகளை அவள் வாசித்தாள். மூன்று வரி சரளமாகப் போனது. நாலாவது வரியில் ஒரு 'ஓ'வைச் சொல்ல வந்து நிறுத்தி, மூச்சு எடுத்து, திரும்பச் சொன்னாள். அந்த 'ஓ'வைக் கேட்டதும் கையில் துடைத்துக்கொண்டிருந்த ஃபிரேமைக் கீழே போட்டுவிட்டேன்.

கோரல் பட்டன்ஸ் என்ற பாட்டுக் குழுவைப் பற்றி இந்த நோட்டில் முறையாக எழுதியதில்லை. ஈப்போவில் மூன்று பெண்கள். அறுபத்து நாலிலிருந்து அறுபத்தெட்டு வரை பாடினார்கள். ஒரே மாதிரி கவுன், முன்பக்கம் கோப்பிக் கோப்பைத் தட்டு அகலத்துக்குப் பவள நிறப் பொத்தான்கள், தலையில் ஒரு முழம் உயரக் கொண்டை. எல்லாம் இங்கிலீஷ் பாட்டு. காதலன் வருவானா, வராவிட்டால் நான் என்னாவேன், இதைத் தவிர வேறு விஷயமே கிடையாது. எனக்கு அப்போது பதினைந்து வயது. தைப்பிங்கில் எங்கள் வகுப்புப் பெண்களெல்லாம் நடுவில் நின்று பாடும் லிலியன்மேல் பைத்தியமாக இருந்தார்கள். நான் மட்டும் ரூபி கட்சி. ரூபி ஒரு பாட்டைக்கூட முழுதாகப் பாடியதில்லை. 'ஊ' என்பாள், 'ஷாலா' என்பாள், கை தட்டுவாள். போட்டோவில் பாதி முகம்தான் விழும்.

அவர்களுடைய ஒரே பெரிய இசைத்தட்டு ஸ்டீரியோ. லிலியன் வலது பக்கம், ரூபி இடது பக்கம். இரண்டு ஸ்பீக்கரையும் சமன்செய்யும் திருகியை ஒரேயடியாக இடப்பக்கம் திருப்பினால் லிலியனும் கிதாரும் ஓடிப்போய்விடும். ரூபி மட்டும் தனியாக நின்று பாடுவாள். இருபது வருஷமாக நான் அந்தத் தட்டை அப்படித்தான் கேட்கிறேன். அவள் எங்கே மூச்சு எடுப்பாள், எந்த 'ஊ'வில் குரல் லேசாக உடையும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அறுபத்தெட்டில் குழு கலைந்தது. லிலியன் பெர்த்துக்குப் போனாள், இரண்டாவது பெண் மலாக்காவில் ரொட்டிக்கடை வைத்தாள். ரூபி என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது.

பதிவு அட்டையில் செவரினா, வயது முப்பத்தொன்பது என்று இருந்தது. பக்கத்து ஊரான கமுண்டிங் முகவரி. அட்டையைப் பார்ப்பது என் வேலைதான். முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டது வேலையில் சேராது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே, "ஊ ஊன்னு ஊளையிடுமே, அந்தப் பொண்ணா?" என்றார். இவரிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள்.

மார்ச் 5, செவ்வாய்

மழை. அவளுடைய கண்ணாடி வர ஒன்பது நாள் ஆகும்.

மார்ச் 14, வியாழன்

வந்தாள். நல்ல உயரம், நரை இழையோடிய தலையை இறுக்கி முடிந்திருந்தாள், நீளக் கை ரவிக்கை. கண்ணாடியைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, காதின் பின்னால் சரிசெய்யும் சாக்கில் பக்கத்தில் போய், "நீங்க கோரல் பட்டன்ஸ் ரூபிதானே?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. முதலில் கடை வாசலைப் பார்த்தாள், அப்புறம் தெருவை. "ஆள் மாத்திப் பேசுறீங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியோடு அப்படியே வெளியே போய்விட்டாள். கூட்டை மேசையிலேயே விட்டுவிட்டாள்.

கூச்சப்படுகிறாள், பாவம். பெரிய கலைஞர்கள் அப்படித்தான்.

மார்ச் 17, ஞாயிறு

கண்ணாடிக்கூட்டைக் கொடுக்கப் போனேன். அது நியாயமான காரணம்தான். இவர் மட்டும், கூடு இல்லாமல் செத்தா போய்விடுவாள் என்றார்.

மூன்றாவது மாடி. கதவில் மூன்று தாழ்ப்பாள், ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. தனியாக இருக்கும் பெண், ஜாக்கிரதையானவள். சங்கிலியை எடுக்காமலே இடுக்கு வழியாகக் கூட்டை வாங்கிக்கொண்டாள். நான் போகாமல் நின்றேன். பெரிய தட்டின் இரண்டாவது பக்கத்தில் மூன்றாவது பாட்டில், எல்லாரும் நிறுத்திய பிறகும் அவள் ஒரு 'ஊ'வை அரை விநாடி கூடுதலாக இழுப்பாள் இல்லையா, அது தெரியாமல் நடந்ததா, வேண்டுமென்று செய்ததா என்று கேட்டேன். இருபது வருஷமாக என்னைக் குடைந்த கேள்வி.

அப்புறம் சங்கிலி விலகியது.

"அத யாருமே கவனிக்கல" என்றாள். "வேணும்னுதான் செஞ்சேன்."

பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறாள். ஒரு தையல் மிஷின், ஒரு கட்டில், மாதா படம். கோப்பி கலக்கிக் கொடுத்தாள். இடது மணிக்கட்டு மடங்கவில்லை, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்கினாள். எங்காவது வழுக்கி விழுந்திருப்பாள். இந்த ஊர் மழைக்கு யார்தான் விழவில்லை?

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இங்க இருக்கேன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது அக்கா. மாதா மேல சத்தியம் பண்ணுங்க." நான் முருகன் மேல் செய்தேன். அவளைவிட மூன்று வயது சின்னவள் நான், என்னைப் போய் அக்கா என்கிறாள். வீடு வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

மறுபடி போனேன். இன்று இரண்டு தாழ்ப்பாள்தான் போட்டிருந்தாள், எனக்காக.

நிறையப் பேசினோம். ஒலிப்பதிவுக்கு மூன்று பேருக்கும் ஒரே மைக்காம். ரூபியின் குரல் துளைத்துக்கொண்டு வருகிறது என்று அவளை ஓர் அடி பின்னால் நிறுத்திவிடுவார்களாம். பெரிய தட்டுக்குத்தான் தனி மைக் கொடுத்தார்களாம். பாடச் சொன்னேன், மாட்டேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அடைக்கல மாதா கோயில் பாடகர் குழுவில் மட்டும் நிற்கிறாளாம், கடைசி வரிசையில். அதையும் விட்டால் செத்துப்போவேன் என்றாள். எனக்குப் புரிந்தது. இவருக்குப் புரியாது.

யார் ஒலிப்பதிவு செய்தார் என்று கேட்டதற்கு மட்டும் எழுந்துபோய் மிஷினில் ஊசி மாற்றினாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

'பவளப் பொத்தான்' இதழுக்கு இன்று நகலெடுக்கும் ஸ்டென்சில் தாளை எழுதி முடித்தேன். எங்கள் ரசிகர் மன்றத்தின் செயலாளர் நான்தான், பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து. அப்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இப்போது பத்தொன்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் எல்லா உறுப்பினர்களின் பெயரும் முகவரியும் இருக்கும், ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ள. அந்த வழக்கத்தை நான் விட்டதே இல்லை.

இந்த இதழில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'ரூபி நலமாக இருக்கிறார். இன்னும் பாடுகிறார்.'

இவர் எட்டிப் பார்த்தார். "சத்தியம் பண்ணிட்டு வந்தேன்னு சொன்னியே?" என்றார். நலம் என்று சொல்வதில் என்ன சத்தியம் கெட்டுவிடும்? ஊர் பெயர் இல்லை, செவரினா என்ற பெயர் இல்லை. பத்தொன்பது பேரும் பதினேழு வருஷமாகக் காத்திருப்பவர்கள். அவர்களுக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு மாதிரி.

ஏப்ரல் 12, வெள்ளி

ஒன்பது கடிதம் வந்துவிட்டது. எந்த வருஷமும் இப்படி வந்ததில்லை. எல்லாரும் எங்கே எங்கே என்று கேட்கிறார்கள். சித்தியவான் உறுப்பினர் ஒருத்தி, இனிமேல் எந்தக் கோயிலில் பஜனை கேட்டாலும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன் என்று எழுதியிருக்கிறாள். ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்தச் சந்தோஷத்தை மறைத்து என்ன பயன், இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 15, திங்கள்

சிரம்பானிலிருந்து ஒரு கடிதம். எட்வின் ராயப்பன் என்பவர். அச்சுப் போட்டது போன்ற கையெழுத்து. உறுப்பினர் ஒருவரின் வீட்டில் இதழைப் பார்த்தாராம். கோரல் பட்டன்ஸின் எல்லாத் தட்டுகளையும் ஒலிப்பதிவு செய்தவர் தாமே என்கிறார். தட்டின் உறையில் 'ஒலி: ஈ.ஆர்.' என்று பொடி எழுத்தில் இருப்பது எனக்குத் தெரியாதா? நானே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவரிடம் வெளிவராத ஒரு டேப் இருக்கிறதாம். ரூபி தனியாக, முழுப் பாட்டு, முன்னால் நின்று பாடியது.

இதைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

அப்புறம் எழுதுகிறார்: 'ஆனால் அம்மா, ரூபி இன்னும் பாடுகிறார் என்பதை நான் நம்பவில்லை. ரசிகர்களின் காது ஆசையால் ஏமாறக்கூடியது. இத்தனை வருஷத்துக்குப் பின் ஒரு குரலைக் கேட்டு அடையாளம் காண்பது என் போன்ற தொழில்காரனுக்கே கஷ்டம். நீங்கள் யாரையோ கேட்டு மயங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது அவர்தான் என்று காட்டினால் அந்த டேப்பை உங்களுக்கே அனுப்புகிறேன்.'

என் காதா ஏமாறும்? அவரை இருபதாவது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு, ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் புது ஆள் அவர் என்றும் எழுதி, என் காது ஏமாறாது என்பதை ருசுப்படுத்துகிறேன் என்று பதில் போட்டேன். முகவரி கேட்கவில்லை அவர். அதையும் குறித்துக்கொள்கிறேன். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

காய்கறிக் கூடைக்குள் டேப்ரிக்கார்டரை வைத்து, மேலே துண்டைப் போட்டு, அடைக்கல மாதா கோயிலுக்கு எடுத்துப் போனேன். என்னுடையது இரண்டு மைக் வைத்த ஸ்டீரியோ. ஒரு மைக்கைக் கூடையின் இடது காதிலும் இன்னொன்றை வலது காதிலும் செருகியிருந்தேன். முன் வரிசையில் உட்கார்ந்தேன். இடப்பக்கம் பாடகர் குழு, வலப்பக்கம் தூணில் ஒலிபெருக்கி.

அந்தக் கோயிலில் ஓர் அழகான வழக்கம். பூசை முடிகிற நேரத்தில் உபதேசியார் அறிவிப்புகள் வாசிக்கும்போது, பாடகர் குழு வாயை முழுதாகத் திறக்காமல் மெல்ல ராகம் இழுத்துக்கொண்டே இருக்கும். சொல்லே இல்லை, வெறும் 'ஊ'. எனக்கு வேறென்ன வேண்டும்? கடைசி வரிசையிலிருந்து ரூபி வந்தாள். அதே குரல். கொஞ்சம் தடித்திருக்கிறது, ஆனால் அதேதான். எல்லாரும் நிறுத்திய பிறகு அரை விநாடி கூடுதலாக இழுத்தாள். என்னைப் பார்த்து இழுத்தாள். எனக்காக.

அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், நல்ல பக்தி என்று நினைத்திருப்பார்.

ஏப்ரல் 24, புதன்

மத்தியானம் கடைக்கு லீவு போட்டுவிட்டு டேப்பைக் கேட்டேன். நான் ஒன்றும் யோசனை இல்லாதவள் இல்லை. அவள் பெயரோ வேறெதுவோ அதில் விழுந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். திருகியை இடப்பக்கம் முழுதாகத் திருப்பிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூன்று தடவை. குரல்தான், குரல் மட்டும்தான். பின்னால் ஏதோ முணுமுணுப்பு, நாற்காலி இழுக்கிற சத்தம். பாட்டுகளையெல்லாம் விட்டுவிட்டு அந்த 'ஊ' வரும் நாலு நிமிஷத்தை மட்டும் வேறு கேசட்டில் ஏற்றித் தபாலில் போட்டேன்.

குரலுக்கு ஊர் ஏது? இவரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப ஏன் அந்த அம்மாகிட்ட கேக்காம அனுப்புன?" என்றார். ஆச்சரியமாகக் கொடுக்கலாம் என்றுதான். அந்த டேப் வந்ததும் அவளிடமே கொண்டுபோய்க் கொடுப்பேன். தன் குரலை முன்னால் நிறுத்திக் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

மே 3, வெள்ளி

வந்துவிட்டது!

கடிதம் மிகச் சிறியது. 'மன்னிக்க வேண்டும் அம்மா. உங்கள் காது அபாரம். அது அவளேதான். வாக்குக் கொடுத்தபடி டேப்பை அனுப்பியிருக்கிறேன். திருவிழா சிறப்பாக நடக்கட்டும்.'

எந்தத் திருவிழா? மே மாதம் மாதாவுக்கு எல்லா ஊரிலும் திருவிழாதானே, அவரும் கிறிஸ்தவர், ஒரு மரியாதைக்கு எழுதியிருப்பார்.

டேப்பில் ஒரே பாட்டு, ஏழு தடவை. ரூபி முன்னால் நின்று பாடுகிறாள். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் ஓர் ஆண்குரல், மிகவும் மெதுவாக, "மறுபடி" என்கிறது. அவள் பாடுகிறாள். "மறுபடி." மூன்றாவதில் சுருதி சுத்தமாக இருக்கிறது, எனக்குப் போதும். அவருக்குப் போதவில்லை. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே ஏதோ விழுகிற சத்தம், பிறகு நாற்காலி. ஏழாவதில் குரல் கண்ணாடி போல் மெலிந்து, கடைசி வரியில் ஒரு விம்மல் வந்து உடைகிறது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் கேட்டதிலேயே அழகான பாட்டு அது. ஏழாவதை மட்டும் சாயங்காலம்வரை திரும்பத் திரும்பப் போட்டேன்.

இவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். இவருக்குச் சங்கீத ஞானம் சுத்தமாகக் கிடையாது, தேசிய கீதமான 'நெகாராகு'வையும் நலங்குப் பாட்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

"அந்தப் பொண்ணு அழுவுது, மங்களேஸ்," என்றார். "அது பாட்டு இல்ல."

வெளியே போய்விட்டார். நான் இன்னொரு தடவை போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

மே 8, புதன்

டேப்பை எடுக்கவில்லை. கடையில் வேலை அதிகம். இவர் சொன்னது காதில் ஒட்டிக்கொண்டது. நாளைக்குச் சரியாகிவிடும்.

மே 11, சனி

எல்லாவற்றையும் நடந்தபடியே எழுத வேண்டும்.

மதியம் ஒன்றரை மணிக்கு இரண்டு கேசட்டையும் எடுத்துக்கொண்டு கமுண்டிங் போனேன். மனசில் என்னவோ இருந்தது. அவள் கேட்டுச் சிரித்துவிட்டால் அது போய்விடும் என்று நினைத்தேன். அவளிடம் இருப்பது ஒற்றை ஸ்பீக்கர் வைத்த சின்ன கேசட் ரேடியோ. சிரம்பான் டேப்பைப் போட்டேன். முதல் தடவை பாடி முடிந்து, அந்த "மறுபடி" வந்ததும், செவரினா தையல் மிஷினின் சக்கரத்தை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தினாள்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நீங்க அவருக்கு என்ன குடுத்தீங்க?"

குரல் மட்டும்தான் என்றேன். ஊரெல்லாம் எதுவும் இல்லை, மூன்று தடவை பார்த்தேன் என்றேன். போட்டுக் காட்டச் சொன்னாள். நான் அனுப்பியதன் மூல டேப் கையில் இருந்தது. போட்டேன்.

என் வீட்டில் முணுமுணுப்பாக இருந்தது, அந்த ஒற்றை ஸ்பீக்கரில் உபதேசியாராக வந்து நின்றது. 'ஊ'வுக்கு மேலே கணீரென்று. 'கமுண்டிங் அடைக்கல மாதா ஆலயத் திருவிழாவை முன்னிட்டு, மே பதினொன்றாம் தேதி முதல் சனிக்கிழமைதோறும் மாலை நாலு மணிக்குப் பாடகர் குழு ஒத்திகை. பாடகர் அனைவரும் தவறாமல் வர வேண்டும்.'

வலது பக்கம். அது முழுக்க வலது பக்கத்தில் இருந்திருக்கிறது. என் வீட்டில் நான் திருகியைத் திருப்பியது என் காதுக்கு மட்டும்தான். கேசட்டில் இரண்டு பக்கமும் அப்படியே ஏறிப் போயிருக்கிறது. இருபது வருஷமாக இடது பக்கத்தையே கேட்டுப் பழகிய கழுதை நான்.

"அவர்தான் எங்க வீட்டுக்காரர்" என்றாள் செவரினா. மடங்காத மணிக்கட்டை என் முன்னால் நீட்டினாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே கால்.

ஒரு பையில் நாலு உடுப்பு, மாதா படம், கத்தரிக்கோல். அவ்வளவுதான் எடுத்தாள். மிஷினை எடுக்க முடியவில்லை, அதன்மேல் ஒரு தரம் கையை வைத்தாள். நான் பஸ் நிலையம்வரை வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"பதினேழு வருசத்துல ஏழு ஊரு மாறிட்டேன். பாடாம இருந்தா அவருக்குக் கண்டுபிடிக்க முடியாது. என்னால இருக்க முடியலையே அக்கா." படியில் இறங்கும்போது திரும்பாமலே சொன்னாள்: "இனிமே என்னைத் தேடாதீங்க. என் குரலைக் கேட்டாலும் கேக்காத மாதிரி போயிடுங்க."

நாலு மணிக்கு நான் கோயிலுக்குப் போனேன். ஏன் போனேன்? அவர் வராமலிருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான்.

கடைசி பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் தொப்பி, அறுபது வயதிருக்கும். பாடகர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரையும் பார்த்தார், அவசரமே இல்லாமல். ஒத்திகை தொடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் கேட்கிற மாதிரியே, தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். "மங்களேஸ்வரி அம்மாதானே? கூட்டத்துல கேட்கத் தெரிஞ்ச முகம் உங்களோடது மட்டும்தான்."

நான் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். "அது ரூபி இல்லீங்க. நான்தான் ஆள் மாத்திட்டேன். என் காது தப்பு."

அவர் சிரித்தார், பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. "உங்க காது தப்பு பண்ணாதும்மா" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, இதழை மட்டும் தவறாமல் அனுப்பிவைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மே 12, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். கோப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

மே 13, திங்கள்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். குடும்ப விஷயம் என்றார்கள். அடிபட்டவர் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். அடிபட்டவர் எங்கே என்று கேட்டார்கள்.

மே 27, திங்கள்

பதினைந்து நாள் யோசித்தேன். அவளுக்கு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான் இருக்கிறது.

'பவளப் பொத்தான்' கடைசி இதழ். ஒரே பக்கம். கறுப்புக் கோடு போட்ட கட்டம். 'எங்கள் ரூபி மே 14ஆம் தேதி காய்ச்சலில் காலமானார். மன்றம் இத்துடன் கலைக்கப்படுகிறது.' அவளைப் பற்றி எழுத எனக்குப் பத்துப் பக்கம் வேண்டும். ஆறு வரியில் அவளைக் கொன்றேன். ஸ்டென்சிலில் பேனா குத்திக் கிழிந்து, மூன்று தடவை மாற்ற வேண்டியதாயிற்று. முகவரிப் பட்டியலை இந்தத் தடவை போடவில்லை.

இருபது பிரதி. இருபதாவதைத்தான் முதலில் தபாலில் போட்டேன்.

ஜூன் 10, திங்கள்

துக்கக் கடிதங்கள் வருகின்றன. ஒருத்தி பூ ஒட்டி அனுப்பியிருக்கிறாள். எல்லாருக்கும் நன்றி எழுதுகிறேன். பொய்க்கு நன்றி சொல்வது கூசுகிறது, ஆனாலும் ஒவ்வொரு கடிதமும் வரும்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. நம்பிவிட்டார்கள்.

ஜூன் 19, புதன்

சிரம்பான். ஒற்றை வரி. 'ஆழ்ந்த அனுதாபங்கள். அடக்கம் எந்தக் கல்லறையில் என்று தெரிவித்தால் மாலை வைப்பேன்.'

பதில் போடவில்லை. பதில் வராததிலிருந்தே புரிந்துகொள்வாரோ? போட்டால் அதிலிருந்து புரிந்துகொள்வாரோ? இன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

இவர் என் பெரிய தட்டை எடுத்துத் துடைத்துவைத்திருந்தார். போடட்டுமா என்று கேட்டார். திருகியை நடுவில் வைத்துப் போடச் சொன்னேன். லிலியன் இவ்வளவு சத்தமாகப் பாடுவாள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. ஒரு பாட்டோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஆனாலும் சிரம்பானிலிருந்து பதினொரு நாளாக ஒன்றும் வரவில்லை. அவர் நம்பிவிட்டார் என்றுதான் படுகிறது. இன்று இரண்டு தோசை சாப்பிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

மூவாரிலிருந்து ஒரு கடிதம். ஏழாம் எண் உறுப்பினர், ஞானசுந்தரி. பள்ளி ஆசிரியை, இத்தனை வருஷத்தில் இரண்டு தடவைதான் எழுதியிருக்கிறாள். அப்படியே எடுத்து எழுதுகிறேன். நான் தப்பாகப் படிக்கவில்லை என்று தெரிந்தாக வேண்டும்.

'அன்புள்ள செயலாளர் அக்காவுக்கு. அழாதீர்கள், உங்களுக்கு ஒரு நல்ல சேதி. ரூபி இறந்துவிட்டார் என்று உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் இன்னும் பாடுகிறார் என்று நீங்கள் ஏப்ரலில் எழுதியதிலிருந்து நான் போகிற இடமெல்லாம் காது கொடுத்துக்கொண்டே இருந்தேன். போன ஞாயிறு இங்குள்ள மாதா கோயிலில் தோழியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பாடகர் குழுவில், கடைசி வரிசையில், எல்லாரும் நிறுத்திய பிறகும் ஒரு குரல் அரை விநாடி நின்றது. பூசை முடிந்ததும் ஓடினேன், அதற்குள் அவர் போய்விட்டார். ஆனால் எனக்குச் சந்தேகமே இல்லை. துக்கத்தில் இருக்கும் நம் மன்றத்தாரை ஒரு நாள்கூடக் காக்க வைக்கக்கூடாது என்று, முந்தைய இதழிலிருந்த முகவரிகளையும் நீங்கள் சேர்த்த புது உறுப்பினரின் முகவரியையும் வைத்து, எல்லாருக்கும் நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன். அந்தப் புதியவர், சிரம்பான்காரர், சென்ற மாதம் தம் முகவரியோடு எனக்கு அனுதாபக் கடிதம் எழுதியிருந்தார், எவ்வளவு நல்ல மனிதர். அவ்வளவு மனம் உடைந்திருந்தாரே என்று அவருக்கு மட்டும் தந்தி கொடுத்தேன்.'

கடிதத்தின் தேதி ஜூலை 4. சிரம்பானிலிருந்து மூவாருக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம். இவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறார், மூவார் கோயிலுக்குப் போன் போட்டுச் சொல்லச் சொல்லி. பாடகர் குழுவில் யாரைக் கூப்பிட வேண்டும், என்ன பெயர் என்று கேட்பார்கள். அவள் இப்போது என்ன பெயரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை.